செருப்பு போன கடற்கரை

3.2.1996

தம்பிக்கு,

அம்மாவுக்கு எந்தக் கடற்கரை சரிப்படும் என்று கேட்டிருக்கிறாய். எனக்குத் தெரியவில்லை. இருபத்திரண்டு வருஷமாக வாரம் தவறாமல் இந்த ஊரின் ஏழு கடற்கரைகளிலும் இறங்கித் தண்ணீர் எடுத்துச் சோதிக்கிறவளுக்கு இதுகூடத் தெரியாதா என்பாய். தண்ணீரைப் பற்றிக் கேள், சொல்கிறேன். எதில் குளிக்கலாம், எதில் காலை நனைக்கலாம், எதில் அதுவும் கூடாது என்று தெரியும். எதைப் பார்த்தால் எழுபத்திரண்டு வயதில் ஒரு மனுஷிக்கு மனசு நிறையும் என்பதற்கு எங்கள் ஆய்வகத்தில் சோதனை இல்லை.

ஆறு வருஷம் கழித்து உன் கையெழுத்தைப் பார்க்கிறேன். உறையைப் பிரிப்பதற்கு முன் யாருக்கோ என்னவோ என்று பயந்துபோனேன். இனிமேல் எழுதினால் முதல் வரியில் "எல்லோரும் நலம்" என்று போட்டுவிடு, பொய்யாக இருந்தாலும் பரவாயில்லை.

அம்மாவின் கண்ணைப் பற்றி நீ எழுதியதை இரண்டு தடவை படித்தேன். இன்னும் இரண்டு மாதம், அதிகமாகப் போனால் மூன்று மாதம்தான் பார்வை இருக்கும் என்று டாக்டர் சொன்னது உறுதிதானா? வேறு ஒருவரிடம் காட்டினாயா? ஞாயிற்றுக்கிழமை கீழ்வீட்டுப் போனில் என்னோடு பேசும்போது அம்மா இதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. என் இருமல் எப்படி இருக்கிறது என்றுதான் கேட்டாள்.

கடற்கரை விஷயத்துக்கு வருகிறேன். நான் அவற்றை எண் போட்டுத்தான் சொல்வேன், பாட்டிலில் ஒட்டுவது அந்த எண்தான். ஒன்று துறைமுகத்தை ஒட்டியது. பாரந்தூக்கிகளும் எண்ணெய்ப் படலமும்தான் காட்சி. மூன்றுக்கு அறுபது படி இறங்க வேண்டும், அம்மாவின் முழங்கால் தாங்காது. நான்கில் மணலே இல்லை, கூழாங்கல். ஆறில் பத்தடி போனால் தரை காணாமல் போய்விடும். ஏழு அழகாக இருக்கும் என்று சொல்கிறார்கள்; நான் அங்கே போகும்போதெல்லாம் நாய்களைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன். ஐந்தை விட்டுவிடு. மிஞ்சுவது இரண்டு. கார் மணல் வரைக்கும் போகும், உட்கார பெஞ்சு உண்டு, தண்ணீர் சுத்தம். எங்கள் ஜீப் டிரைவரிடம் கேட்டேன். "கண்ணு தெரியாதவங்களுக்கு எதுக்கு மேடம் கடலு, ரேடியோவுல போடச் சொல்லுங்க" என்றார். அவர் வேடிக்கையாகத்தான் சொன்னார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

இரண்டு என்று வைத்துக்கொள்வோமா?

அக்கா

9.2.1996

அக்கா,

எல்லோரும் நலம். போதுமா?

ஆஸ்பத்திரி லிஃப்ட்டோட மோட்டார் ரூம்ல உக்காந்து சர்வீஸ் தாளோட பின்பக்கத்துல எழுதறேன். கிரீஸ் கறைக்கு மன்னிச்சுக்கோ. உன் ஆய்வகத்துல இந்தக் காகிதத்தையும் சோதிச்சுடாதே.

ரெண்டு, மூணு, நாலுன்னு நீ எழுதியிருக்கிறதைப் படிச்சா ஜெயில்ல கைதியைக் கூப்பிடற மாதிரி இருக்கு. அம்மாகிட்ட படிச்சுக் காட்டினேன். கேட்டுட்டு, "இதுல எது அப்பா செருப்பு போன கடற்கரை?"ன்னு கேட்டா. நான் முன்னாடி எழுதும்போது அதைச் சொல்லாம விட்டது என் தப்புதான். அவளுக்கு ஏதோ ஒரு கடல் வேண்டாம். அந்தக் கடல்தான் வேணும்.

உனக்கு மறந்திருக்காது. எனக்கு ஏழு வயசு, உனக்குப் பத்து. அப்பாவோட ஒரு செருப்பை அலை கொண்டு போயிடுச்சு. மிச்சம் இருந்த ஒத்தைச் செருப்பைப் போட்டுக்கிட்டே ஸ்டேஷன் வரைக்கும் நடந்தார். தூக்கிப் போடுங்கன்னு நீ சொன்னதுக்கு, "அது திரும்பி வந்தா தேடும்"னார். அந்த ஒத்தைச் செருப்பு நம்ம வீட்டு பீரோவுக்கு அடியில பல வருஷம் கிடந்துது.

போட்டோவை வெச்சு அனுப்பறேன். பத்திரம், வேற பிரதி கிடையாது. நாம மூணு பேரும் நிக்கிறோம். படம் சாய்ஞ்சு கடல் ஒரு பக்கமா வழியுது பாரு. அம்மாவுக்கு எப்பவுமே கேமரா நேராப் பிடிக்க வராது. பின்னாடி ஒரு சுவரும் படியும் தெரியுது. இருபத்திரண்டு வருஷமா அங்கேயே சுத்தறியே, எதுன்னு கண்டுபிடி.

கண்ணைப் பத்திக் கேட்டே. மூணு டாக்டர்கிட்ட காட்டியாச்சு. நல்ல வெயில் அடிச்சா உருவம் தெரியுது, அசையறது தெரியுது. மேகம் போட்டா சுவரைத் தடவறா. முந்தாநாள் என்னை பிளம்பர்னு நினைச்சு, குழாயைச் சரிபண்ணிட்டுப் போப்பான்னா. நானும் சரின்னு பண்ணிட்டேன்.

தம்பி

17.2.1996

தம்பிக்கு,

படம் பத்திரமாக இருக்கிறது. செவ்வாய்க்கிழமை வேலையோடு அதையும் எடுத்துக்கொண்டு போனேன். மூன்றாம் எண்ணில் படிகள் சுவருக்கு நேராக இறங்குகின்றன. படத்தில் சுவரை ஒட்டிச் சாய்வாக இறங்குகின்றன. கைப்பிடிக்கு இரும்புக் குழாய், கீழே வளைந்து முடிகிறது. அந்த வளைவு இப்போதும் இருக்கிறது. துரு ஏறியிருக்கிறது, அவ்வளவுதான். வாரம் ஒருமுறை அதைப் பிடித்துக்கொண்டுதான் தண்ணீர் எடுக்கக் குனிகிறேன். அப்பா செருப்பை விட்ட படியில் இத்தனை வருஷமும் நின்றிருக்கிறேன், தெரியாமல்.

ஐந்தாம் எண்தான் அது.

ஏன் ஐந்தை விட்டுவிடு என்று எழுதினேன் என்பதைச் சொல்ல வேண்டும். படிகளுக்கு இடப்பக்கம் ஊரின் கழிவு நீர்க் குழாய் கடலில் விழுகிறது. படம் எடுத்தபோது அது இல்லை. மூன்று வருஷத்துக்கு முன்னால் சிவப்புப் பலகை வைத்தோம்: "இங்கே நீரில் இறங்கக் கூடாது." அடியில் கையெழுத்து என்னுடையது. அந்தப் பக்கம் கடை வைத்திருந்தவர்கள் எல்லாம் காலி செய்துவிட்டுப் போய்விட்டார்கள். போகும்போது ஒருவர் என்னிடம், "நீங்க ஒரு தடவையாவது இங்க சும்மா வந்து உக்காந்திருக்கீங்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன்.

அம்மாவிடம் உள்ளதைச் சொல்லிவிடு. அந்த இடம் கெட்டுப்போய்விட்டது, பக்கத்திலேயே நல்ல இடம் இருக்கிறது என்று சொல். அவள் சின்னக் குழந்தை இல்லை.

அக்கா

23.2.1996

அக்கா,

உள்ளதைச் சொல்லணுமாம். உனக்குச் சுலபமா வாயில வந்துடும், சொல்லிட்டுப் போய் பாட்டில் கழுவுவே. பக்கத்துல உக்காந்து அந்த முகத்தைப் பாக்கறவன் நான்.

ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதே. ரெண்டாம் நம்பருக்கே கூட்டிட்டுப் போய், இதுதாம்மா அதுன்னு சொல்லிட்டா என்ன? அவளுக்குத் தெரியப்போறது ஒரு வெளிச்சமும் கொஞ்சம் அசைவும்தான். எந்தக் கடலா இருந்தா என்ன? செருப்பு இங்கதான் போச்சுன்னு கையைப் பிடிச்சுக் காட்டு. சந்தோஷமாத் திரும்பி வருவா. யாருக்கு நஷ்டம்?

உன்னால முடியாதுன்னு தெரியும். உனக்கு எல்லாம் கையெழுத்துப் போடற மாதிரி இருக்கணும். சின்ன வயசுலேயே வீட்டுல உனக்கு வாத்தின்னு பேரு வெச்சது சும்மாவா?

அம்மா இன்னிக்குத் தானாத் தலை வாரிக்கப் பாத்தா. வகிடு காதுகிட்ட போய் நிக்குது. நல்லா இருக்கான்னு கேட்டா. ரொம்ப நல்லா இருக்குன்னேன். நானும் பொய் சொல்லிட்டேன், எழுதி வெச்சுக்கோ.

அப்பா போனப்போ நீ இல்ல. இதுலயாவது இரு.

தம்பி

1.3.1996

தம்பிக்கு,

கடைசி வரியை நீ எழுதாமல் இருந்திருக்கலாம். நான் இல்லாமல் போனேனா, நீ காத்திருக்காமல் எடுத்தாயா என்பதை ஆறு வருஷம் முன்னால் வாசலில் நின்று ஊர் கேட்கப் பேசியாகிவிட்டது. மறுபடி ஆரம்பிக்க வேண்டாம்.

இரண்டாம் எண்ணுக்கே கூட்டிப்போகிறேன். ஐந்து என்று சொல்கிறேன். இதை எழுதுவதற்கு நான்கு நாள் ஆயிற்று.

ஆனால் பொய் சொல்வதென்றால் ஒழுங்காகச் சொல்ல வேண்டும். உன் பொய்கள் எல்லாம் அரைகுறையாக இருக்கும், மூன்றாவது கேள்வியில் உடைந்துவிடும். அதனால் அம்மாவிடம் பேச்சோடு பேச்சாகக் கேட்டு எழுது. படி அவளுக்கு வலப்பக்கமா இடப்பக்கமா? அன்றைக்கு மணலில் உட்கார்ந்தாளா, சுவர் மேலா? நாம் தண்ணீரில் நின்றபோது அவள் எங்கே நின்றிருந்தாள்? என்ன சாப்பிட்டோம்? கூட்டம் இருந்ததா? எனக்கு அப்பாவின் முகமும் செருப்பும்தான் ஞாபகம் இருக்கிறது. அம்மா எங்கே நின்றாள் என்று யோசித்துப் பார்த்தேன், பிடிபடவில்லை. கேமராவுக்குப் பின்னால் நின்றிருந்ததால் இருக்கலாம்.

இரண்டாம் எண்ணில் படி கிடையாது. பழுதாகி இடித்துவிட்டார்கள் என்று சொல்லிக்கொள்ளலாம். பார், எனக்கும் வருகிறது.

அக்கா

8.3.1996

அக்கா,

நீ எழுதியிருந்த கேள்வியெல்லாம் கேட்டேன். இல்ல, முதல் கேள்வியோட நின்னு போச்சு.

சாயங்காலம் வெளிச்சம் இருக்கும்போது ஜன்னல்கிட்ட உக்காத்தி வெச்சு, ஏம்மா, அந்தப் படி உனக்கு எந்தப் பக்கம் இருந்துதுன்னு சாதாரணமாத்தான் கேட்டேன். எந்தப் படின்னா. செருப்பு போன இடத்துலன்னேன். அவ சொன்னதை அப்படியே எழுதறேன்.

"எனக்கு எப்படிடா தெரியும்? நான் எங்க வந்தேன்?"

எனக்கு ஒண்ணும் புரியல. அது சுற்றுலாவே இல்லையாம் அக்கா. அப்பாவுக்கு மாற்றல் ஆகி வீட்டைக் காலி பண்ணிட்டுப் போற வழி. அங்க இறங்கி அடுத்த வண்டி பிடிக்கணும், நடுவுல ஆறு மணி நேரம். சாமான் வெக்கற ரூம் பூட்டியிருந்துதாம். பெட்டி, படுக்கை, அடுப்பு, தையல் மெஷின் எல்லாம் சேத்துப் பதினாலு உருப்படி. யாராவது ஒருத்தர் பாத்துக்கணும். "நீ பாத்துக்கோ, பசங்களுக்குக் கடலைக் காட்டிட்டு இதோ வந்துடறேன்"ன்னு அப்பா சொன்னாராம். நாம மூணு பேரும் போனோம். திரும்பி வரும்போது வண்டி வர்ற நேரம் ஆயிடுச்சு.

அப்ப போட்டோ யாரு எடுத்தான்னு கேட்டேன். அங்க காசு வாங்கிட்டுப் படம் எடுக்கற ஆள் யாரோ. தபால்ல வந்துதாம். நாம முப்பத்தெட்டு வருஷமா அம்மாவுக்கு நேராப் பிடிக்க வராதுன்னு சொல்லிச் சிரிச்சிருக்கோம். ஏம்மா நீ ஒரு தடவைகூட சொல்லலன்னேன். "நீங்க சந்தோஷமாச் சொல்லிட்டிருந்தீங்க"ன்னா.

எனக்கு அவ அங்க நின்னது ஞாபகம் இருக்கு அக்கா. நீலப் புடவை. வேற எங்கேயோ கொடியில காஞ்ச புடவையா இருக்கும் போல.

யோசிச்சுப் பாத்தா இப்ப நமக்கு வேலை சுலபம். அவ பாத்ததே இல்ல. ரெண்டாம் நம்பரை எந்த நம்பர்னு சொன்னாலும் நம்பிடுவா.

தம்பி

12.3.1996

தம்பிக்கு,

சுலபம் என்று எழுதியிருக்கிறாய். எனக்கு இனிமேல் முடியாது.

பார்த்த ஒருத்தியிடம் இடத்தை மாற்றிச் சொன்னால் அவளிடம் பழையது ஒன்று மிச்சம் இருக்கும். அவளுக்கென்று ஒன்றும் இல்லை. நாம் மூன்று பேரும் அவளை விட்டுவிட்டுப் போய்ப் பார்த்துவந்ததை முப்பத்தெட்டு வருஷம் காதால் கேட்டிருக்கிறாள். இன்னும் இரண்டு மாதத்தில் எதையும் பார்க்கப் போவதில்லை. அதிலும் போய் வேறொன்றைக் கையில் கொடுத்து அனுப்ப என்னால் ஆகாது. நீ வாத்தி என்று சொல்லிக்கொள்.

ஐந்தாம் எண்ணுக்குக் கூட்டிப்போகிறேன். தண்ணீரில் இறங்க மாட்டோம், மேலே சுவரை ஒட்டி ஒரு கல் இருக்கை இருக்கிறது. காற்று தெற்கேயிருந்து அடித்தால் குழாயின் வாடை அந்தப் பக்கம் வராது. காலை பத்திலிருந்து பன்னிரண்டு வரை வெயில் நேராகத் தண்ணீரில் விழும். திங்கட்கிழமை இருபத்தைந்தாம் தேதி லீவு சொல்லிவிட்டேன். இந்த வேலையில் சேர்ந்ததிலிருந்து நான் கேட்ட லீவுகளை விரல் விட்டு எண்ணலாம். மேலதிகாரி உடம்பு சரியில்லையா என்று விசாரித்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை வண்டியில் அனுப்பு. நீயும் வருவாயா?

அக்கா

18.3.1996

அக்கா,

நான் வரல. லிஃப்ட்டுக்குப் புதுக் கயிறு மாத்தறாங்க, நான் இருந்தாகணும். அது பாதிக் காரணம். மீதிப் பாதி உனக்கே தெரியும். வந்தா ரெண்டு பேரும் ரெண்டு பக்கம் நின்னு அவ கையை இழுப்போம்.

பக்கத்து வீட்டு நர்ஸ் அதே வண்டியில உங்க ஊரைத் தாண்டிப் போறாங்க. மூணு மணிக்கு வண்டி அங்க வரும். நாலாவது பெட்டி. கண் சொட்டு மருந்து காலைல ஒண்ணு ராத்திரி ஒண்ணு, மூடி பச்சை. கையைப் பிடிச்சு இழுத்துட்டு நடக்காதே, உன் முழங்கைய அவ பிடிச்சுக்கட்டும். தனியா உக்காத்தி வெச்சா எங்க போறேன்னு சொல்லிட்டுப் போ. திரும்பி வரும்போது நீயே கொண்டுவந்து விடு. புதன்கிழமை டாக்டர் பாக்கறார், அதுக்கு முன்னாடி வந்துடணும்.

சிவப்பு போர்டைப் பத்தி அவகிட்ட சொல்லாதே. இது ஒண்ணாவது எனக்காக.

இன்னொண்ணு. அப்பா போன அன்னிக்கு, எல்லாரும் அவசரப்படுத்தினாங்க, வெயில் தாங்காதுன்னாங்கன்னு உன்கிட்ட சொன்னேன். யாரும் அவசரப்படுத்தல. பெரியப்பாகூட, பொண்ணு வரட்டும்டா, காலைல பாத்துக்கலாம்னுதான் சொன்னார். என்னாலதான் அந்தக் கூடத்துல உக்காந்திருக்க முடியல. முடிச்சுடலாம்னு நான்தான் சொன்னேன். அஞ்சு மணிக்கு எடுத்தோம். ஆறு வருஷமா சொல்லணும்னு நினைச்சு, உன்னைப் பாத்தா கோவம்தான் வருது. அதனால எழுதறேன்.

தம்பி

24.3.1996, மாலை

தம்பிக்கு,

அம்மா வந்து சேர்ந்தாள். எல்லோரும் நலம். நர்ஸ் நல்ல மாதிரி. "ஒரு வாட்டிகூட தண்ணி கேக்கல மேடம், எங்க தொந்தரவோன்னு" என்று சொல்லிவிட்டு ஒப்படைத்தார்.

வெளியே வரப் பார்த்தபோது அம்மா என் முழங்கையைப் பிடித்து நிறுத்தினாள். மூணாவது பிளாட்பாரம் எங்கே என்றாள். கூட்டிப்போனேன். கடைசியில் ஒரு இரும்புத் தூண் இருக்கிறது. தடவிப் பார்த்தாள். இப்போது பச்சைச் சாயமா என்று கேட்டாள், பச்சைதான். "இதுல சாஞ்சுதான் உக்காந்திருந்தேன். கடல் சத்தம் கேக்குமான்னு காதைத் தீட்டிக்கிட்டே இருந்தேன். இன்ஜின் சத்தம்தான் கேட்டுது." ஆறு மணி நேரமும் எழுந்து போகவில்லையாம், உருப்படி ஏதாவது குறைந்துவிடுமோ என்று. கோபமாகச் சொல்லவில்லை. தூண் இன்னும் இருக்கிறதே என்ற ஆச்சரியம்தான்.

சிவப்புப் பலகையைப் பற்றிச் சொல்லிவிட்டேன். உன் சொல்லை மீறியதற்கு மன்னிப்புக் கேட்க மாட்டேன், அவளே கேட்டாள். ஏன் முதலில் வேற இடம் சொன்னே என்றாள். கடல் கெட்டுப்போய்விட்டது, மூடிவிட்டோம் என்றேன். "யாரு, நீயா மூடினே?" என்றாள். நான்தான். "மூடறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்" என்றாள். பிறகு சிரித்தாள். இப்போது உள்ளே படுத்திருக்கிறாள். நாளை கட்ட வேண்டிய புடவையை மடித்துத் தலைமாட்டில் வைத்திருக்கிறாள். நீலம். நீ சொல்லிக் கொடுத்தாயா?

உன் கடைசிக் கடிதத்துக்குப் பதில் எழுத வேண்டும். நானும் ஒன்று சொல்லாமல் வைத்திருக்கிறேன்.

அப்பா போன செய்தி எனக்கு ராத்திரிதான் கிடைத்தது என்று சொல்லியிருந்தேன். இல்லை. ஆபீஸிலிருந்து சைக்கிளில் ஆள் சீட்டோடு வந்தபோது மணி பன்னிரண்டரை. ஐந்தாம் எண்ணில், அந்தப் படியில் நின்றிருந்தேன். ஆறும் ஏழும் பாக்கி இருந்தன. எடுத்த தண்ணீர் ஆறு மணி நேரத்துக்குள் ஆய்வகத்துக்குப் போய்ச் சேர வேண்டும், இல்லாவிட்டால் அந்த வாரமே வீண். சீட்டை மடித்து நோட்டில் வைத்துவிட்டு ஆறாம் எண்ணுக்குப் போனேன், பிறகு ஏழுக்கு. இரண்டு மணி வண்டி போய்விட்டது. ஒன்பது மணி வண்டியில் வந்தேன். இரண்டு மணி வண்டியைப் பிடித்திருந்தாலும் ஐந்துக்குள் வந்திருக்க முடியாது, கணக்குப் பார்த்துவிட்டேன். ஆனால் அதற்காக நான் அந்த வண்டியை விடவில்லை. நீ ஐந்துக்கு எடுப்பாய் என்று அப்போது எனக்குத் தெரியாது. அழுதேனா என்று கேட்காதே. தேதியும் நேரமும் சரியாக எழுதியிருக்கிறேன், நோட்டில் இருக்கிறது.

ஆக, நீ காத்திருக்கவில்லை, நான் கிளம்பவில்லை. வாசலில் நின்று கத்தியதில் இரண்டு பேருமே பாதியைத்தான் சொல்லியிருக்கிறோம்.

நாளை பத்து மணிக்குப் போகிறோம். வானம் தெளிவாக இருக்கிறது. டிரைவர் தானே கொண்டுவந்து விடுவதாகச் சொல்லியிருக்கிறார். "ரேடியோன்னு சொன்னேன்ல மேடம், அதுக்கு" என்றார்.

25.3.1996

நேற்று எழுதியதை அனுப்பவில்லை. நாளை காலை வண்டியில் அம்மாவைக் கொண்டுவந்து விடும்போது இதை உன் கையில் கொடுக்கிறேன். வாயால் சொல்ல எனக்கு வராது. இன்று நடந்ததையும் எழுதிவிடுகிறேன்.

பத்தே கால் மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். வெயில் நன்றாக இருந்தது. காற்றும் தெற்கேயிருந்துதான். அம்மாவைக் கல் இருக்கையில் உட்கார வைத்தேன். கடல் பக்கம் முகத்தைத் திருப்பி, "வெள்ளையா அசையறதே, அதா?" என்றாள். அதுதான் என்றேன். பலகையைப் படித்துக் காட்டச் சொன்னாள், படித்தேன், என் பெயர் உட்பட. செருப்பு போன படி எது என்று கேட்டாள். கையைப் பிடித்து நீட்டிக் காட்டினேன். கைப்பிடிக் குழாய் வெயிலில் மின்னியது, அது தெரிகிறது என்றாள். ஒரு செருப்போடு அப்பா எப்படி ஏறி வந்தார் என்று கேட்டாள். நொண்டிக்கொண்டு என்றேன். நன்றாகச் சிரித்தாள்.

அப்போது படிகளின் வலப்பக்கம் தண்ணீரில் பழுப்பாக ஒரு கோடு பார்த்தேன். குழாய் இடப்பக்கம். வலப்பக்கம் அந்த நிறம் வரக் கூடாது. எங்கேயோ புதிதாக உடைந்திருக்க வேண்டும். இரண்டாம் எண் அந்தப் பக்கம்தான், அங்கே குழந்தைகள் குளிக்கிறார்கள். என் பையில் எப்போதும் இரண்டு பாட்டில் இருக்கும். பாட்டில்களை எடுத்துக்கொண்டு பையை அம்மா மடியில் வைத்தேன்.

"அம்மா, இதைக் கொஞ்சம் பாத்துக்கோ, இதோ வந்துடறேன்."

சொல்லும்போது எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

இறங்கினேன். அலை வடியக் காத்திருந்து ஒன்று எடுத்தேன். பத்தடி தள்ளி இன்னொன்று. எண், தேதி, நேரம், நிறம் எழுதி ஒட்டினேன். கோடு எங்கிருந்து வருகிறது என்று பார்க்கச் சுவரை ஒட்டிக் கொஞ்ச தூரம் நடந்தேன். திரும்பிப் படியில் கால் வைத்தபோது கைப்பிடி மின்னவில்லை. அண்ணாந்து பார்த்தேன். கடல் பக்கமிருந்து மேகம் ஏறி வந்து மூடியிருந்தது. கைக்கடிகாரத்தில் நாற்பது நிமிஷம் ஆகியிருந்தது.

அம்மா வைத்த இடத்திலேயே இருந்தாள். பையை இரண்டு கையாலும் அணைத்திருந்தாள். வாரை மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றியிருந்தாள்.

"தெரியறதாம்மா?" என்றேன்.

"இப்ப இல்ல. வெயில் போயிடுத்து."

"முன்னாடி?"

"தெரிஞ்சுது. நீ படியில இறங்கிப் போறது கடைசி வரைக்கும் தெரிஞ்சுது."

ஒரு மணி வரை உட்கார்ந்திருந்தோம். மேகம் கலையவில்லை. டிரைவர் குடை கொண்டுவந்து கொடுத்தார். அம்மா, போலாமா, உனக்கு வேலை இருக்குமே என்றாள். வண்டியில் ஏறும்போது பையை என்னிடம் கொடுத்து, எல்லாம் இருக்கா பாத்துக்கோ என்றாள். பார்த்தேன். எல்லாம் இருந்தது.

போகிற வழியில் ஆய்வகத்தில் நிறுத்தி மாதிரிகளைக் கொடுத்தேன். மணி ஒன்றே முக்கால். பாட்டில்கள் நேரத்துக்குள் போய்ச் சேர்ந்துவிட்டன.

அக்கா